அத்தை பெயரில் ஒரு ஹீட்டர்

எனக்குக் காத்திருக்க வராது. பஸ் வரத் தாமதமானால் அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்தே போய்விடுகிற ரகம் நான். அப்படிப்பட்டவன் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற தொழிலுக்கு வந்ததுதான் வேடிக்கை. இதில் பாதி வேலை, அடித்தது காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது.

கம்பத்தில் என் ஷெட்டில் வேல்பாண்டியின் ஜீப் நாலு நாளாக நின்றது. விடிகிற நேரத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற வண்டி. வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும். பானெட்டுக்குக் கருநீலம் அடித்து முடித்துவிட்டுப் போனேன்; காலையில் வந்து பார்த்தால் விபூதியைத் தடவினாற்போல வெளுத்துப் பூத்திருந்தது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் பூத்தது. மார்கழிக் குளிரும் ஈரமும் சேர்ந்தால் பெயிண்ட் அப்படித்தான் செய்யும். தெரிந்த விஷயம்தான், ஆனால் தெரிந்து என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை வேல்பாண்டி வந்து பானெட்டை ஒரு விரலால் தடவிப் பார்த்தான். அவன் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்; மெதுவாகத்தான் சொன்னான்.

"இன்னொரு வாட்டி பூத்துச்சுன்னா வண்டிய உத்தமபாளையத்துக்கு ஓட்டிட்டுப் போயிருவேண்ணே. பொம்பளையாளுக எட்டுப் பேரு வேலைக்குப் போகாம உக்காந்துருக்காக."

அந்த எட்டுப் பேரில் என் மாமியார் ராக்கம்மாளும் ஒருவர். அது அப்போது என் புத்தியில் ஏறவே இல்லை. என் ஷெட்டிலிருந்து ஒரு வண்டி அரைகுறையாக வேறு ஷெட்டுக்குப் போனால், ஜீப் ஸ்டாண்டில் ஒருத்தனும் அப்புறம் என் பக்கம் திரும்ப மாட்டான். இருபது வருஷப் பெயர். எனக்கு இருந்த பயமெல்லாம் அதுதான்.

என் மனைவி யுவராணி, வெயில் ஏறினதும் பதினோரு மணிக்கு அடிக்கலாமே என்றாள். பகலில் ரோட்டு வேலை நடக்கிறது, புழுதி வந்து ஒட்டும் என்று சொன்னேன். தரையில் தண்ணீர் தெளித்துப் படுதாவைக் கட்டினால் தீர்ந்தது என்றாள். எல்லாம் சரி. பதினோரு மணிவரை யார் உட்கார்ந்திருப்பது? ராத்திரியே காயவைக்க ஒரு ஹீட்டர் வாங்கலாம் என்று புதன்கிழமை காலை பஸ் ஏறித் தேனிக்குப் போய்விட்டேன்.

கடையில் எப்சிபா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் மூன்று ஹீட்டர்களை எடுத்து வைத்தாள். ஒன்று உள்ளே எண்ணெய் நிரப்பியது. கனமாக இருந்தது, வெளியே நெருப்பு தெரியாது, ஆனால் சூடேறப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகுமாம். அடுத்தது குழல்விளக்கு மாதிரி எரிவது. மூன்றாவது காற்றாடி வைத்தது. அதைப் போட்ட மறுநிமிஷம் உள்ளே கம்பி சிவந்து உள்ளங்கையில் அனல் அடித்தது. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு முன்னால் வந்த ஆளிடம், ஒர்க்ஷாப்பில் வைத்தால் வாரண்டி கிடையாது என்று அவள் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அதனால் மாமியாருக்கு என்றேன், வயசானவர், குளிர் தாங்கவில்லை என்றேன். அப்படியானால் எண்ணெய் ஹீட்டர்தான் நல்லது என்று அவள் விடாமல் சொன்னாள். நான் காற்றாடியைக் காட்டிவிட்டேன். வாரண்டிச் சீட்டுக்குப் பெயரும் நம்பரும் கேட்டாள். கடைக்காரர்கள் பிறகு ஆஃபர் என்று போன் போட்டு உயிரை எடுப்பார்களே என்று, ரொம்பச் சாமர்த்தியமாக, அத்தையின் பெயரையும் அத்தையின் நம்பரையும் கொடுத்தேன்.

சாயங்காலம் பானெட்டைத் தேய்த்துத் துடைத்து மூன்றாவது தடவையாக அடித்தேன். ஷட்டரை இறக்கினேன். சூடு வெளியே போகக் கூடாதே என்று ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்தேன். பெயிண்டில் கலக்கிற தின்னர் வாடையில் கண் கரித்தது. ஹீட்டரை ஜீப்புக்கு முன்னால் வைத்து, பிளக்கைச் சொருகி, சுவிட்சில் விரலை வைக்கவும் ஷட்டரை யாரோ தட்டவும் சரியாக இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திறந்தால், கையில் டிஃபன் பாக்ஸோடு அத்தை.

"கடைப்புள்ள போன் பண்ணுச்சு மாப்ள. எனக்குன்னு ஹீட்டர் வாங்கிருக்கீகளாமே" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு உள்ளே எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினார். "பெயிண்டு, தின்னரு பக்கம் கொண்டுபோகவே கூடாதுன்னு மூணு வாட்டி சொல்லுச்சே அந்தப் புள்ள. இங்கன வச்சிருக்கீக?"

அவரே உள்ளே போய் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, ஹீட்டரைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். இது உங்களுக்கு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? டிஃபன் பாக்ஸில் எனக்குப் பணியாரம் வேறு கொண்டுவந்திருந்தார். அவரை என் பைக்கில் பின்னால் உட்காரவைத்துப் புதுப்பட்டிக்கு ஓட்டினேன். போகிற வழியெல்லாம் பானெட்டு பூத்திருக்குமே, பூத்திருக்குமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அவர் வீட்டில் பிளக்கைச் சொருகி சுவிட்சைத் தட்டினேன். பிளக்கில் பட்டென்று நீலமாக ஒரு பொறி தெறித்தது. கம்பி செக்கச்செவேலென்று சிவந்தது. என் சட்டையிலிருந்தே தின்னர் வாடை வந்துகொண்டிருந்தது. நான் வாசல்வரைக்கும் பின்னால் போனேன். ஷட்டரை மூடி, ஜன்னலை அடைத்து, அந்தத் தின்னர் வாடைக்கு நடுவில் நின்றுகொண்டு இதே ஹீட்டரைத்தான் போட இருந்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை அதைக் கவனிக்கவில்லை. ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். விரல்கள் பாதிதான் விரிந்தன. ஏலக்காய் எடுத்து எடுத்து நகத்தோரம் கறுத்திருந்தது, கணுக்கள் வீங்கியிருந்தன. பதினெட்டு வருஷமாக அந்தக் கையால் சாப்பாடு வாங்கிச் சாப்பிடுகிறேன், இதைப் பார்த்ததில்லை.

"எனக்குக் குளிருதுன்னு நான் யாருட்டயும் சொன்னதில்லயே மாப்ள. காலையில விரலு மடங்காது, அத எம்மகட்டகூடச் சொன்னதில்ல. நீங்க எப்பிடிக் கண்டீக?"

"எப்பிடியோ தெரிஞ்சுச்சு அத்த" என்றேன்.

பானெட்டு எதிர்பார்த்தபடியே பூத்திருந்தது. வியாழக்கிழமை அதைத் தேய்த்து எடுத்து வைத்துவிட்டு, தரை நனையத் தண்ணீர் தெளித்தேன். யுவராணி படுதாவைக் கட்டினாள். பதினோரு மணிக்கு வெயில் ஷெட்டுக்குள் விழுந்த பிறகுதான் பெயிண்ட் அடிக்கிற ஸ்பிரே துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். அடித்து முடித்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தொடவில்லை, எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்குக் கருநீலத்தில் என் முகம் தெரிந்தது.

யுவராணி பக்கத்தில் வந்து நின்றாள். அம்மா காலையிலிருந்து ஜீப் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் போன் போட்டு ஹீட்டரைப் பற்றித்தான் பேசுகிறாராம். அம்மாவுக்கு விரல் மடங்காதது பெற்ற மகளான தனக்கே தெரியாமல் போய்விட்டதே என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கடையில் சொன்ன பொய்யிலிருந்து பிளக்கில் தெறித்த பொறி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் படுதாவின் கயிற்றை அவிழ்க்கப் போனாள்.

"இத எங்கம்மாட்ட மட்டும் எப்பவும் சொல்லிறாதீக" என்றாள்.