நாத்தனார் முடிச்சு

காலை ஆறு பத்துக்கு முகூர்த்தம் என்று ஜோசியர் சொன்னதும் வீட்டில் எல்லார் முகமும் மலர்ந்தது. சுகிர்தா மட்டும் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். முடக்குவாதக்காரியின் விரல்களுக்கும் நல்ல நேரம், கெட்ட நேரம் உண்டென்று எந்த ஜோசியர் யோசித்தார்? அவளுடைய விரல்கள் காலை ஒன்பது மணிக்குமேல்தான் கண் விழிக்கும். அதுவரை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டும். கிளினிக்கில் கொடுத்த குளிசைகளால் வீக்கம் வடிந்தது, வலியும் ஓரளவு அடங்கியது. இந்த விடியற்காலை விறைப்பு மட்டும், போ என்றாலும் போகாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டது.

கல்யாணம் அவள் தம்பி சுதேஷுக்கு. பெண் அனுஷியா, தெல்தோட்டைப் பக்கம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் அவனுடைய அக்காளோ தங்கையோ போட வேண்டும் என்பது இரண்டு வீட்டு வழக்கம். அதற்குப் பெயரே நாத்தனார் முடிச்சு. சுதேஷுக்குக் கூடப் பிறந்தவள் சுகிர்தா ஒருத்திதான். அம்மா அப்பா போன பிறகு அவனுக்குப் பெண் பார்க்கத் தெருத் தெருவாக அலைந்தவளும் அவள்தான். அந்த இரண்டு முடிச்சை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஆனால் வீட்டுக்குப் பெரியவள் என்று பெரியம்மா இராஜகுமாரி ஒருத்தி இருக்கிறாளே!

“கோவிச்சுக்காத புள்ள. காலங்காத்தால ஒனக்குக் கையே மடங்காது. முடிச்சு நழுவிச்சுன்னா அபசகுனம்னு சபையே பேசும். நம்ம நிரஞ்சனி போடட்டும். அவளும் அக்கா முறைதானே?”

நிரஞ்சனி பெரியம்மாவின் மகள். அவளுக்குப் பத்து விரலும் பம்பரமாகச் சுற்றும். சுகிர்தா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் தடியன் குனிந்த தலை நிமிராமல் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தான். பெரியம்மா பேசியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அவன் வாய் திறக்காமல் இருந்ததுதான் நெஞ்சில் சுருக்கென்றது.

“முடிச்சு நான்தான் போடுவேன். நழுவினா அன்னைக்குப் பேசுங்க,” என்று எழுந்துவிட்டாள்.

வீறாப்பாகச் சொல்லியாகிவிட்டது. விரல் கேட்க வேண்டுமே!

மறுநாள் விடியலிலிருந்து பிலிமத்தலாவையில் அவள் வீட்டு அடுப்படியில் ஒத்திகை நடந்தது. மணப்பெண் வேறு யார், அவள் புருஷன் சுமன்தான். மீசையும் இடுப்பில் கட்டிய சாரமுமாக முக்காலியில் உட்கார்ந்து முதுகைக் காட்டுவான். அவன் கழுத்தில் மஞ்சள் தோய்த்த கயிற்றைச் சுற்றி அவள் முடிச்சுப் போடுவாள்.

“கழுத்த நெரிச்சுடாத தாயே, ஏழு மணிக்கு ஸ்கூல் புள்ளைகளுக்கு ஆட்டோ ஹயர் இருக்கு.”

மஞ்சள் கறையோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனால் கூட்டாளிகள் விடுவார்களா? “என்ன மச்சான், தாலி யாரு கட்டினது?” என்று தினமும் ஓட்டினார்கள். கட்டினவளைத்தான் நானும் கட்டியிருக்கிறேன் என்று அவனும் சிரித்துக்கொண்டு போவான்.

ஆனால் முடிச்சு நின்றபாடில்லை. கயிற்றைப் பிடித்தால் விரல் நுனியிலிருந்து வழுக்கியது, இழுத்தால் மணிக்கட்டு வரை உயிர் போனது. ஒருநாள் கயிற்றைச் சுவரில் வீசி அடித்துவிட்டு, “பெரியம்மா சொன்னதுதான் சரி,” என்று அழுதாள்.

சுமன் ஆறுதல் சொல்லவில்லை. கயிற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து, “தண்ணிப் பைப்ப எதால தொறக்குற?” என்றான்.

“உள்ளங்கையால.”

“மரக்கறிப் பைய?”

“முழங்கையில மாட்டிக்குவேன். அதுக்கென்ன இப்ப?”

கேட்டு முடிக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. வீட்டில் எந்த வேலையையும் விரல் நுனியால் செய்வதை அவள் எப்போதோ விட்டிருந்தாள். இந்தப் பாழாய்ப்போன முடிச்சை மட்டும் ஏன் நிரஞ்சனி மாதிரி போடப் பார்க்கிறாள்? கயிற்று வளையத்தை மணிக்கட்டில் மாட்டினாள். நுனியைப் பெருவிரல் அடியால் வளையத்துக்குள் தள்ளினாள். இரண்டு நுனியையும் உள்ளங்கைகளில் சுற்றிக்கொண்டு தோளால் இழுத்தாள். நேரம் எடுத்தது. ஆனால் விழுந்த முடிச்சைச் சுமனால் அசைக்க முடியவில்லை. கயிறு கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணக் கயிற்றை அவளே திரித்து மஞ்சள் பூசினாள்.

கல்யாணத்தன்று கண்டியில் மழை, குளிர் வேறு. கோயில் மண்டபத்தில் மணவறைக்குப் பின்னால் சுமன் சுடுதண்ணி வாளியோடு நின்றான். அதில் கையை ஊறவைத்துத் துடைத்துக்கொண்டு அவள் வந்து நிற்கவும் கெட்டிமேளம் முழங்கியது. சுதேஷ் முதல் முடிச்சைப் போட்டான். பெரியம்மா நிரஞ்சனியை முன்னால் தள்ளப் பார்த்தாள். சுதேஷ் கயிற்றை விடவேயில்லை.

“அக்கா, பிடி. அன்னைக்கு வாயத் தொறக்காம இருந்துட்டேன். நீ போடாம நான் எந்திரிக்க மாட்டேன்.”

வளையம், நுனி, உள்ளங்கை, தோள். ஒரு முடிச்சு விழுந்தது. மூன்றாவது முடிச்சு விழும்வரை கெட்டிமேளம் நிற்கக் கூடாதே! மேளக்காரருக்கு வியர்த்து ஊற்றியது, நாதஸ்வரக்காரருக்குக் கண் பிதுங்கியது. சபையில் எல்லாரும் அட்சதையை வீசித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு நின்றார்கள்.

“அவசரமில்ல அண்ணி, நல்லா இறுக்குங்க,” என்றாள் அனுஷியா தலையைக் குனிந்தபடியே.

சுகிர்தா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். விழுந்தது மூன்றாம் முடிச்சு! ஆட்டோ ஸ்டாண்ட் கூட்டாளிகள் விசிலடித்தார்கள். அவள் சபையைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை.

மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோர்க்க நாள் பார்த்தார்கள். காலையிலேயே சுதேஷ் வீட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். பழைய கயிற்றை அவிழ்க்க வேண்டியவள் மூத்தவளான பெரியம்மா. நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்தாள், ஊஹூம். நிரஞ்சனியின் பத்து விரலும் தோற்றன. தாலிக் கயிற்றில் கத்தரிக்கோல் வைக்கலாமா? சிவ சிவா!

கடைசியில் பெரியம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

“சுகிர்தா, கொஞ்சம் வா புள்ள. நீ போட்ட முடிச்சு எங்க ஒருத்தருக்கும் அவுற மாட்டேங்குது.”

இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சுகிர்தா மணிக்கூட்டைப் பார்த்தாள். எட்டரை.

“இருங்க பெரியம்மா. என் விரலுக்கு இன்னும் விடியல.”

பெரியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்து, சுடுதண்ணிக்குக் கேத்தலை ஏற்றினாள்.