நூற்றுப் பன்னிரண்டு

கராஜுக்குள் ட்ரம் நின்றபோது யோகா பருப்புக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தாள். கையை அப்படியே நிறுத்திக் காதைக் கொடுத்தாள். வழக்கமாக இப்படி நின்றால் ஒரு நிமிடத்துக்குள் திரும்பத் தொடங்கும். தேவராஜா தண்ணீர் குடிப்பார், துவாயால் கழுத்தைத் துடைப்பார், பிழைவிட்ட இடத்திலிருந்து மறுபடியும் அடிப்பார். குசினி மணிக்கூடு பதினொன்று பத்தைக் காட்டியது. பிறகு பதினொன்று பதினைந்து. சத்தம் வரவில்லை.

விட்டுவிட்டார் என்று நினைத்தாள்.

மூன்று கிழமையாக அவள் காத்திருந்த அமைதி இது. போய் எட்டிப் பார்க்கக் கால் உன்னியது, அடக்கிக்கொண்டாள். முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதரைப் பற்றி அவளுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். தோற்கிற நேரத்தில் அவரை யாரும் பார்க்கக்கூடாது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையை மூடி ஆட்களை அனுப்பிய அன்று, வாசலில் காரை நிறுத்திவிட்டு இரண்டு மணித்தியாலம் அதற்குள்ளேயே இருந்தார். அவள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள், வெளியே போகவில்லை. கடைசியில் உள்ளே வந்தவர், "ரோட்டில சரியான ட்ரபிக்" என்றார். அவள், "ஓம், வெள்ளிக்கிழமைதானே" என்றாள்.

இன்றைக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம் என்று அடுப்பைக் குறைத்தாள். கேத்திலில் தண்ணீரை நிரப்பிப் போட்டாள்.

'நெருப்புக்கோழிகள்' என்ற பெயரை எண்பத்துநாலில் யாழ்ப்பாணத்தில் ஐந்து மாணவர்கள் தங்கள் இசைக்குழுவுக்கு வைத்தார்கள். ஒருவன் அங்கேயே செத்தான். ஒருவன் கனடாவுக்குப் போய்க் கடை வைத்தான். மெல்பேர்ன் வந்து சேர்ந்த மூவரில் இந்திரகுமார் கிற்றார், சிறிதரன் பாட்டு, தேவராஜா ட்ரம். தொண்ணூற்றிரண்டில் யாரோ ஒருவரின் கராஜில் அவர்கள் பதிந்த கசெற்றில்தான் 'டைனமோ' இருந்தது. ஊரில் கரண்ட் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். கை ஓய்ந்தால் செய்தி பாதியில் அறுந்துபோகும். அந்தச் சுற்றல்தான் பாட்டின் அடி. இந்த நகரத்தில் கலியாணம் கட்டி, வீடு வாங்கி, தலை நரைத்த ஒரு கூட்டத்துக்கு அந்த நாலு நிமிடம் காதில் விழுந்தால் முதுகு தானாக நிமிரும்.

ஆனால் நாற்பதாவது ஆண்டு விழாவுக்கு அறிவித்தல் போட்ட நாளிலிருந்து முகநூலில் வேறு கதை ஓடியது. "நெருப்பு அணைஞ்சு கன காலம். இப்ப மிச்சம் கோழி மட்டும்தான்" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே நூறு பேர் சிரித்திருந்தார்கள். "போன வருசம் டைனமோ கேட்டனான். பெடல் சுத்தினவருக்கு மூச்சு வாங்கினது" என்று இன்னொருவன்.

மூச்சு வாங்கியது உண்மைதான். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. அடுத்த மாதம் ஒப்பரேசனுக்கு நாள் குறித்த டொக்டர், அதுவரை பாரம் தூக்கக்கூடாது, ஓடக்கூடாது என்றார். "ட்ரம் அடிக்கலாமோ?" என்று யோகா கேட்டாள். "அது கதிரையில இருந்துகொண்டு செய்யிற வேலை" என்று தேவராஜா முந்திக்கொண்டார். டொக்டர் சிரிக்கவில்லை. கூடவே கூடாது என்றார்.

திரும்பி வரும்போது காருக்குள் தேவராஜா சொன்னார். "இஞ்சேரும், இது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. இந்திரனுக்கும்தான்."

"ஏனப்பா?"

"வருத்தக்காரன் எண்டு தெரிஞ்சால் இரக்கப்பட்டுக் கைதட்டுவாங்கள். அதைக் கேக்கிறதிலும் பாக்கப் போய்ச் சேரலாம். அம்மாளாணை எண்டு சொல்லும்."

சொன்னாள்.

மகள் மிருணாளினிக்கு அந்த ஆணை பிடிக்கவில்லை. "அம்மா, இந்திரன் அங்கிளுக்குச் சொல்லுங்கோ. அவர் ஒருத்தர் சொன்னால்தான் அப்பா கேப்பார்" என்று போனில் நின்றாள். யோகா தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிரான்பர்னில் இருந்த அவர் வீட்டுக்குப் போனாள். இந்திரகுமார் மடியில் கிற்றாரை வைத்துக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

"இந்திரன் அண்ணை, அவரை நிப்பாட்டுங்கோ."

"ஏன், என்ன?"

அம்மாளாணை தொண்டைக்குள் வந்து நின்றது. அதற்குப் பக்கத்திலேயே, எடுத்துக் கொடுக்க ஆயத்தமாக, வேறொரு காரணம் கிடந்தது.

"ஏலாமல் போச்சு அண்ணை. அடி பிந்துறார். சனம் சிரிக்குது. உங்கள் எல்லாற்ற பேரும் கெடுது."

இந்திரகுமார் கம்பியின் முனையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "நீரே சொல்லுறீர்," என்றார். "நானும் உள்ளுக்க நினைச்சுக்கொண்டுதான் இருந்தனான். நாற்பது வருசம். அவனிட்ட வாயால எப்பிடிச் சொல்லுறது?"

"வாயால சொல்ல வேண்டாம். தானா விடட்டும்."

அந்த வழி அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்து சேர்ந்தது. சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கருவி. நெற்றியில் சிவப்பு வெளிச்சம், வயிற்றில் ஒரு எண். டிக், டிக் என்று தாளத்துக்கு அளந்து கொடுக்கும். "கசெற்றில டைனமோவின்ர வேகம் நிமிசத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு," என்றார் இந்திரகுமார். "சனத்துக்கு அந்த வேகம்தான் வேணும். இனி எல்லாரும் இதைக் கேட்டுத்தான் வாசிக்கிறம்." எல்லாரும் என்றுதான் சொன்னார். ஹெட்போன் ஒன்றுதான் கொண்டுவந்திருந்தார்.

தேவராஜா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "என்னடா, இந்த வயசில எனக்கு ட்யூசனுக்கு வாத்தியார் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய்?"

"நல்ல வாத்தியார் மச்சான்," என்றார் சிறிதரன். "இடையில பீடி குடிக்கப் போகமாட்டார்."

எல்லாரும் சிரித்தார்கள். டைனமோவைத் தொடங்கினார்கள். இரண்டாம் சரணத்தில் ட்ரம் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகப் பிரிந்தன. சாப்பிடக் கொண்டுவந்த ரோல்ஸ் தட்டோடு கதவில் நின்ற யோகா, ஹெட்போனுக்குக் கீழே கணவரின் கழுத்து கறுத்துச் சிவப்பதைப் பார்த்தாள். அன்றைக்கு எல்லாரும் போன பிறகு அவர் தடிகளைத் துடைத்து உறைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினார். முடிந்தது என்று நினைத்தாள். இரண்டு நாள் கராஜ் திறக்கவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு உள்ளேயிருந்து ட்ரம் கேட்டது.

பிறகு தினமும் கேட்டது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு. உண்மையைச் சொல்லிவிடலாமென்று மூன்று தடவை இந்திரகுமாரின் நம்பரை எடுத்தாள். சொன்னால் ஆணையை முறித்ததும் தெரியும், அதற்கு முந்திக் கிரான்பர்னில் சொன்ன பொய்யும் தெரியும். இன்றைக்கு விடுவார், நாளைக்கு விடுவார் என்று தள்ளினாள். அவருடைய கணுக்கால்கள் வீங்கின. படி ஏறும்போது சுவரைப் பிடித்தார். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது.

"இண்டைக்கு ஒரு இடத்திலயும் பிந்தேல்லை," என்றார் அந்த உதட்டால். "சனிக்கிழமை விழாவில பாரும்."

அவளுக்கு அவரிடம் சொல்ல இன்னொன்றும் இருந்தது. போன வருடம் அவர் பிந்திய அன்று, சிறிதரனும் வேறு வழியில்லாமல் மெல்லப் பாடினார். முப்பது வருடமாக இரைச்சலாக மட்டும் கேட்ட அந்தப் பாட்டின் சொற்கள் அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கின. இருட்டில் ஒரு தம்பி பெடலைச் சுற்றுகிறான். தமையனுடைய பெயர் செய்தியில் வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டே சுற்றுகிறான். மண்டபத்தில் இருட்டுக்குள் இருந்து அழுதாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை. பாட்டைப் பற்றி அவள் ஒருநாளும் கதைத்ததில்லை.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்றுதான் நேற்றும் கேட்டாள்.

கேத்தில் கொதித்து நின்றது. தேத்தண்ணியில் அவருக்கு விலக்கியிருந்த சீனியை அரைக் கரண்டி போட்டாள். தட்டில் இரண்டு வடை வைத்தாள். கராஜின் உள்கதவைத் தட்டிவிட்டுத் திறந்தபோது மணி பதினொன்று இருபத்தாறு.

அவர் பெரிய ட்ரம்மிற்கும் பழைய பிரிஜ்ஜுக்கும் இடையில் பக்கவாட்டில் கிடந்தார். ஒரு தடி கையில் இருந்தது. ஹெட்போன் தலையிலிருந்து கழன்று சீமெந்துத் தரையில் விழுந்து, அதற்குள்ளிருந்து டிக், டிக் என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. யோகா தேத்தண்ணியையும் தட்டையும் வொஷிங் மெசின் மேல் வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிறகுதான் முழங்காலில் விழுந்தாள்.

அம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. சிம்பல்களைத் தள்ளி இடம் எடுத்தார்கள். நெஞ்சை அமுக்கிய இளைஞன் வாய்க்குள் எண்ணினான். அவனுக்கு அருகில் நின்ற பெண், கடைசியாக அவருடைய சத்தத்தை எப்போது கேட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இப்பதான்," என்றாள் யோகா, அதே ஆங்கிலத்தில்.

அந்தப் பெண் குறித்துக்கொண்டாள்.

பின்னேரம் நாலு மணிக்கு, அவரைக் கொண்டுபோன பிறகு, வீட்டு வரவேற்பறையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சோபாவைச் சுவரோரம் தள்ளிக் கதிரைகளைப் போட்டிருந்தார்கள். செருப்புகள் வாசற்படியைத் தாண்டிப் புல்லிலும் கிடந்தன. யாரோ பருப்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக் கழுவி வைத்திருந்தார்கள். "ஆசைப்பட்டதைச் செய்துகொண்டே போயிட்டார், குடுத்து வைச்சவர்" என்று ஒருவர் சொல்ல, கேட்டவர்கள் எல்லாரும் ஓமென்றார்கள். யோகா மூலையில் ஒரு தலையணையோடு இருந்தாள்.

சிறிதரன் அழுது முடித்திருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு இந்திரகுமாரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "சனிக்கிழமையை என்ன செய்யிறது? அவன்ர அடி பழைய ரெக்கோர்டிங்கில இருக்குத்தானே. அதை மட்டும் பிரிச்செடுத்துக் கொம்பியூட்டரில போட்டால்..."

"வாயை மூடு."

"நான் அவன்ர நினைவுக்காகத்தான் சொல்லுறன். அந்த நாளைய அடி மாதிரியே இருக்கும். பிந்தவும் மாட்டான்."

இந்திரகுமார் அவரைப் பார்த்த பார்வையில் சிறிதரன் தரையைப் பார்த்தார். பிறகு பேச்சை மாற்றுகிறவர்போலச் சிறிதரனே சொன்னார். "ஒரு வருத்தம் துன்பம் இல்லாத மனுசன். திடீரெண்டு இப்பிடி."

மிருணாளினி தேத்தண்ணித் தட்டோடு அவருக்கு முன்னால் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது, குரல் வற்றியிருந்தது. "திடீரெண்டு இல்லை அங்கிள். வால்வு சுருங்கினது. வாற மாசம் பதினாலாம் தேதி ஒப்பரேசன்."

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே பிள்ளை."

"அப்பா விடேல்லை. ஆனா இந்திரன் அங்கிளுக்குத் தெரியும். அம்மா சொல்லுறதுக்கெண்டுதானே கிரான்பர்ன் போனவா."

தட்டிலிருந்த கோப்பையை எடுக்க நீட்டிய இந்திரகுமாரின் கை அந்தரத்தில் நின்றது. அவர் திரும்பி மூலையைப் பார்த்தார். யோகா தலையணை உறையின் தையலை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். கேட்பார் என்று காத்திருந்தாள். எல்லாருக்கும் முன்னால் கேட்டாலும் பரவாயில்லை என்று காத்திருந்தாள்.

"ஓம் பிள்ளை," என்றார் இந்திரகுமார். "சொன்னவா."

கோப்பையை எடுக்காமல் எழும்பினார். மூலைக்கு வந்து, "கராஜை ஒருக்காத் திறந்துவிடும் யோகா" என்றார்.

உள்ளே ஒன்றும் மாறியிருக்கவில்லை. அம்புலன்ஸ்காரர் கிழித்துப் போட்ட பிளாஸ்டிக் உறைகள் தரையில் கிடந்தன. வொஷிங் மெசின் மேல் தேத்தண்ணி ஆடை பிடித்திருந்தது. சுவரில் தேவராஜாவின் கையெழுத்தில் சனிக்கிழமைக்கான பாட்டுப் பட்டியல். கடைசி வரியில் டைனமோ, நூற்றுப் பன்னிரண்டு, அதற்குக் கீழே இரண்டு கோடு. இத்தனை ஆட்கள் வந்து போனதில் ஒருவரும் அந்தக் கருவியை நிறுத்தவில்லை. சிவப்பு வெளிச்சம் வந்து வந்து போனது. தரையில் கிடந்த ஹெட்போனுக்குள் பூச்சி ஒன்று அரிப்பதைப்போல டிக், டிக் என்றது.

இந்திரகுமார் அதை நிறுத்தக் குனிந்தார். எண்ணைப் பார்த்தார். கை நின்றது.

நூற்று இருபது.

"நான் நூற்றுப் பன்னிரண்டுதான் வைச்சுக் குடுத்தனான்," என்றார்.

"தெரியும்," என்றாள் யோகா.

"இதில பழகினால் மற்றது லேசாயிருக்கும் எண்டு அவன் கூட்டி..." அவர் முடிக்கவில்லை.

வரவேற்பறையில் யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும். ஒப்பாரி ஒருமுறை எழும்பி அடங்கியது. யோகா கதவடியிலேயே நின்றாள். இப்போதாவது கேட்பார் என்று நின்றாள். இந்திரகுமார் அவள் பக்கம் திரும்பவில்லை. ட்ரம்காரனின் ஸ்டூலைத் தவிர்த்து, பக்கத்தில் கவிழ்த்துவைத்திருந்த பால் கூடையில் மெல்ல உட்கார்ந்தார். கருவியை மடியில் எடுத்து, அந்த எண்ணின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். விரல் இடுக்குகளில் சிவப்பு வந்தது, போனது, வந்தது.