கரடிக்கல் என்று சொல்ல வேண்டும்

...க, வெறும் க, அதில் என்ன இருக்கிறது, அடிநாக்கை அண்ணத்தில் ஒட்டி விட்டுவிட வேண்டியதுதானே, ஊரே விடுகிறது, அவனுக்கு மட்டும் ஒட்டினது ஒட்டினபடியே நின்றுவிடும், பெர்த்தில் என்று அவனுக்குப் பெயர், இதை நாற்பது வருஷமாகப் பார்த்தவன், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான், பாறைக்கு முதுகைக் கொடுத்து, ரைஃபிளை மடியில் கிடத்தி, ரேடியோவைக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு. எல்க் மான் வேட்டையின் முதல் நாள், எட்டுத் துப்பாக்கிகள், சதுப்பைச் சுற்றி எட்டு இடங்கள், நாயை அவிழ்ப்பதற்கு முன்னால் ஒவ்வொருவனும் தான் நிற்கிற இடத்தின் பெயரைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும். ‘ஆமா, இருக்கேன்’ எல்லாம் செல்லாது, அது வேட்டைக்குத் தலைமை தாங்குகிற கிழவன் யோஸ்டா போட்ட சட்டம், எவனோ ஒருவன் ஒரு காலத்தில் ஆமா என்று மட்டும் சொல்லி வேறு இடத்தில் நின்று ஒரு நல்ல நாய் செத்ததாம். காலையில் சீட்டு உருவினபோது அவனுக்கு விழுந்தது ரெட்டை இடம், கரடிக்கல் அல்லது ஆலைமேடு, காற்றைப் பார்த்து அவனே முடிவு செய்து ரேடியோவில் சொல்ல வேண்டும். காற்று வடக்கே இருந்து, ஆலைமேட்டில் நின்றால் மனுஷ வாடை நேரே மானின் மூக்குக்குப் போகும், பச்சைக் குழந்தைக்கும் தெரியும், ஆகவே கரடிக்கல். எந்தப் புண்ணியவான் இதற்கு இந்தப் பெயரை வைத்தானோ, அவன் நாக்கு அழுக.

“வடக்கு வேலி, குண்டு போட்டாச்சு.” ஒருவன் சொல்லிவிட்டான். எவ்வளவு சுலபம், துப்புகிற மாதிரி. பெர்த்தில் கடைசி, எட்டாவது ஆள். மூச்சை முதலில் விடு, அதுதான் ஆக்னெத்தா சொன்னது, ஆஸ்பத்திரியில் குரல் பயிற்சி கொடுக்கிறவள், தண்ணீர்க் குவளைக்குள் குழாயை விட்டுக் குழந்தை மாதிரி ஊதச் சொல்கிறவள், ஆறு மாதமாக ஊதுகிறான், குமிழி நன்றாக வருகிறது, குரல் வரவில்லை. அன்றைக்கு மூக்கு வழியாகக் கேமராவை இறக்கித் திரையில் காட்டினார்கள், ஈரமாக, வெளுப்பாக, இரண்டு குரல்நாண்கள், பெயரைச் சொல்லுங்கள் என்றதும் அவை அறைந்து சாத்திக்கொண்டன, பக்கத்திலிருந்து இரண்டு சதைகள் முஷ்டி மாதிரி வந்து மேலே அமுக்கின, அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், யாரையோ யாரோ நெரிக்கிறார்கள். “உங்க திக்கல் வேற, உங்க குரல் வேற. திக்கல் வரும்போது சண்டை போடுறீங்க பாருங்க, அந்தச் சண்டைதான் குரலைத் தின்னுது” என்றாள். வீங்கிப்போயிருக்கிறதாம், இப்படியே முக்கிக்கொண்டிருந்தால் கரகரப்பும் போய் வெறும் காற்றுதான் மிஞ்சுமாம். சண்டை போடாமல் என்ன செய்ய, போட்டுப் பழக்கினது யார், அப்பா, சாப்பாட்டு மேஜையில் புறங்கையால் ஒரு அறை, “முழுசாச் சொல்லுடா, அப்புறம் தின்னு”, உருளைக்கிழங்கு ஆறிப்போகும், அவன் முக்குவான், மறுபடி அறை. வாயுள்ள பிள்ளை பிழைக்குமாம். சரி, வாயில்லாத பிள்ளை என்ன செய்ய வேண்டும், அதைப்பற்றி ஒருவனும் சொல்லிவைக்கவில்லை.

“கோபுரம். குண்டு போட்டாச்சு. காபியும் போட்டாச்சு.” இது ஸ்டிக், அவன் மனைவி ஈங்கெரின் அண்ணன், சதுப்புக்கு அந்தப்புறம் மரக்கோபுரத்தின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பவன். கல்யாணத்தன்று கண்ணாடிக் கோப்பையைத் தட்டி எழுந்து நின்று மாப்பிள்ளை பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினவன், துருப்பிடித்த கேட் திறக்கிற மாதிரி, தொண்ணூறு பேர் சிரித்தார்கள், ஈங்கெரும் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள், ஆனால் சிரித்தாள். அன்றைக்கே அந்தக் கோப்பையை அவன் வாய்க்குள் உடைத்திருக்க வேண்டும். போன வருஷம் யோஸ்டா எல்லோர் முன்னாலும் சொன்னார், “அடுத்த வருஷமும் இப்படி முக்கிக்கிட்டே இருந்தீன்னா, துப்பாக்கிய வீட்ல வச்சுட்டு வா பெர்த்தில், கறி சுமக்க ஆள் வேணும்.” இந்த வருஷம் நாயைப் பிடித்திருப்பது தூவா, அவனுடைய மகள் தூவா, பத்தொன்பது வயசு, முதல் வேட்டை, அவள் காதிலும் இதே ரேடியோதான். அவள் கேட்க அவனைக் கறி சுமக்க அனுப்புவார்களா... ஏழாவது ஆள் சொல்லிவிட்டான். இனி இவன்தான்.

மூச்சை விடு, பொத்தானை அழுத்து, மூச்சின் மேல் ஏற்று, க... அறைந்து சாத்திக்கொண்டது. தாடை இழுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, திரையில் பார்த்த அந்த இரண்டு முஷ்டிகளும் உள்ளே வந்து நெரித்தன, ரேடியோவில் வெறும் கர்ர்... யாரோ செருமினார்கள், ஒரு நொடி, மூன்று, ஐந்து, தூவா கேட்டுக்கொண்டிருக்கிறாள், யோஸ்டா, “பெர்த்தில்?” என்றார், அவ்வளவுதான், வாய் தானாக வேறு வழியில் ஓடியது, எப்போதும் ஓடுகிற குறுக்குவழி, கடையில் காபி கேட்க முடியாமல் தேநீர் வாங்கி வந்தவன் அல்லவா, “ஆ... ஆலைமேடு. குண்டு போட்டாச்சு.” வந்துவிட்டது! நூற்றைம்பது கஜம்தானே, இப்போதே எழுந்து அங்கே நடந்துவிட்டால் பொய்யும் இல்லை, ஆனால் எழுவதற்குள் யோஸ்டா சொல்லிவிட்டார், “நாயை விடு தூவா. இனி ஒருத்தனும் அசையக் கூடாது. ஸ்டிக், கரடிக்கல் காலி, அந்தப் பக்கம் நீ தாராளமாச் சுடலாம்.” காலியா? காலி இல்லை, நான் இருக்கிறேன், பொத்தானை அழுத்தினான், க, க, தொண்டை கிழிகிற மாதிரி, க... “ரேடியோவுல ஏதோ தவளை பூந்துருச்சுப்பா” என்றான் ஸ்டிக், யாரோ சிரித்தார்கள், பொத்தானிலிருந்து விரல் தானாக வந்துவிட்டது. தவளை தன் வாயால் கெடும். கெடட்டும். மூன்று வார்த்தைகூடத் தேவையில்லை, ‘நான் இங்கே’ போதும், அதைக்கூட ஏன் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாமே, நாக்கு அதற்கு மறுக்காதே... வெட்கமா? செத்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கா வெட்கம்?

நாய் குரைத்தது. நெருங்கி, இன்னும் நெருங்கி, பிர்ச் மரங்களை ஒடித்துக்கொண்டு ஒரு பெரிய ஆண் எல்க் சதுப்புக்குள் பாய்ந்தது, இவன் ரைஃபிளைத் தூக்குவதற்குள் கோபுரத்திலிருந்து வெடி, மான் இடறியது, இரண்டாவது வெடி, முன்னங்கால் மடிந்து மறுபடி எழுந்து இவனை நோக்கியே வந்தது, வாயெல்லாம் ரத்தம், மூன்றாவது வெடி... கன்னத்தில் நெருப்பு. பாறை தெறித்தது. காதுக்கு ஒரு சாண் மேலே கல்லில் வெள்ளையாகப் புதுக் காயம். கையை வைத்துப் பார்த்தான், கன்னத்துச் சதை திறந்திருந்தது, கழுத்துக்குள் சூடாக வழிந்தது. மான் பத்தடி தள்ளி விழுந்து உதைத்துக்கொண்டிருந்தது. “அடிச்சேன்!” என்று கத்தினான் ஸ்டிக், “பார்த்தீங்களாடா!” பெர்த்தில் ரைஃபிளைத் தோளில் வைத்துத் தொலைநோக்கியில் கோபுரத்தைப் பிடித்தான். ஸ்டிக்கின் ஆரஞ்சுத் தொப்பி, சிரிக்கிற பல், பச்சைச் சட்டையின் மூன்றாவது பொத்தான். குறியை அந்தப் பொத்தானில் வைத்தான். தப்பு தன்னுடையது என்று தெரியும், தான் சொன்ன பொய்தான் அந்தக் குண்டை இங்கே அனுப்பியது, தெரிந்தும் விரல் விசையில் போய் உட்கார்ந்தது, சும்மா உட்கார்ந்தது, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஓர் அங்குலம், அவ்வளவுதானே. உடம்பு அமைதியாக இருந்தது. இடது கை ரேடியோவை அழுத்தியது.

“மச்சான்” என்றான், “நான் கரடிக்கல்லுல இருக்கேன். உன் சட்டையில மூணாவது பொத்தான் தெரியுது. அசையாதே.”

மூச்சு முதலில் வந்தது, குரல் அதன் மேல் ஏறி வந்தது, மெதுவாக, தண்ணீர் மாதிரி, கரகரப்பே இல்லாமல், க என்கிற எழுத்து இருந்த இடமே தெரியவில்லை. ஆறு மாதமாக ஊதிப் பிடிக்க முடியாத குரல். இவ்வளவு அழகான குரலா நமக்கு? இன்னும் பேச வேண்டும் போல ஆசையாக இருந்தது, அந்த ஆசை அவனுக்கே அருவருப்பாகவும் இருந்தது. தொலைநோக்கிக்குள் ஸ்டிக்கின் சிரிப்பு நின்றது. ரேடியோவில் தூவாவின் குரல், ஓடி வருகிற மூச்சோடு, “யாரு பேசுறது? எங்க லைன்ல யாரு நீங்க?” “எங்கப்பா ஆலைமேட்டுல இருக்காரு, யாராவது போய்ப் பாருங்க, அப்பா! அப்பா, பேசுங்கப்பா, ஒரு வார்த்தை!” பேசினால் அது அப்பா என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே, இந்தக் குரலில் பேசினால் எப்படித் தெரியும், அவள் பிறந்ததிலிருந்து கேட்ட குரல் அந்தத் துருப்பிடித்த கேட்தானே. பொத்தானை அழுத்தி வாயைத் திறந்தான். நாற்பது வருஷமாக வராதே வராதே என்று கெஞ்சின அந்தப் பிடி இப்போது வரட்டும் என்று காத்திருந்தான், தொண்டை இளகியே கிடந்தது, ரைஃபிள் இன்னும் தோளிலிருந்து இறங்கவில்லை.