இரண்டாயிரத்து நானூறு பேர்

ஆபீசில் எனக்கு ஜோசியர் என்று பெயர். மண்டல வளர்ச்சி முகமையில் மதிப்பீட்டுப் பிரிவு என் பொறுப்பு. எங்கே தொழிற்பேட்டை போட்டால் எத்தனை கம்பெனி வரும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. பலித்தால் இயக்குநரின் சாமர்த்தியம், பலிக்காவிட்டால் ஜோசியர் பார்த்த லட்சணம். இப்படியே பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. இந்தக் கிண்டலுக்கெல்லாம் நான் கோபப்பட்டதே இல்லை. கோபப்பட்டிருக்க வேண்டிய இடம் வேறு.

அமைச்சகத்தில் ஒரு விதி இருக்கிறது. போடுகிற முதலுக்கு வருஷம் ஒன்பது சதவீதமாவது வரும் என்று காட்டினால்தான் திட்டத்துக்குக் கையெழுத்து. எட்டே முக்கால் என்றால் கோப்பு வந்த வழியே திரும்பிவிடும். அதனால் எங்கள் பிரிவில் ஒரு பழக்கம், எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே. முதலில் நேர்மையாக ஒரு கணக்கு. அது பென்சிலில், ஒரு துண்டுத் தாளில். யாரும் பார்க்க மாட்டார்கள். பிறகு கம்ப்யூட்டரில் கணக்குத் தாளின் கடைசிக் கட்டத்தில் ஒன்பது என்று அடித்துவிட்டு, அங்கிருந்து மேலே ஏறுவோம். ஒன்பது வர எவ்வளவு வாடகை வேண்டும்? அவ்வளவு வாடகை வர எத்தனை ஷெட் நிரம்ப வேண்டும்? அத்தனை ஷெட் நிரம்பினால் எத்தனை ஆள் வேலை செய்வார்கள்? விடையை எழுதிவிட்டு அதற்கேற்ற கேள்வியைத் தேடுகிற படிப்பு. இதை ஏமாற்று என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை, சத்தியமாக. அமைச்சகத்துக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தெரிந்தவர்களுக்குள்ளே நடக்கிற விஷயம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வந்த பேட்டைக்குப் பென்சில் கணக்கில் மூன்றாம் வருஷம் அறுநூற்று நாற்பது பேர். ஒன்பதிலிருந்து ஏறி வந்தபோது இரண்டாயிரத்து நானூறு.

"கொஞ்சம் ஓவரா இருக்கு சார்," என்று இயக்குநரிடம் சொன்னேன்.

"ரோடு போட்டா ஆள் தன்னால வருவான்யா. நீ நம்பரப் போடு."

போட்டேன். அதை வழவழப்பான தாளில் சின்னப் புத்தகமாக அடித்தார்கள். அட்டையில் தலைக்கவசம் போட்ட நாலு பேர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கொட்டை எழுத்தில் இரண்டாயிரத்து நானூறு தொழிலாளர்கள். கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி: இவை மதிப்பீடுகள் மட்டுமே.

அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அக்கா அப்போது ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் மேற்பார்வையாளர். பதினேழு வருஷ சர்வீஸ். இன்னும் மூன்று வருஷம் தள்ளினால் பென்ஷன் வரும். நான் கணக்குப் பரீட்சைகளை எழுதி முடித்தது அவள் சம்பளத்தில்தான். ரெண்டு தடவை பெயிலானதும் அவள் சம்பளத்தில்தான்.

"டேய், பேட்டைக்குள்ள கேன்டீன் குத்தகைக்கு விடறாங்களாமே. அஞ்சு வருஷம். இந்த ரெண்டாயிரத்து நானூறு பேர்ல பாதிப் பேர் மத்தியானம் வந்தாக்கூட நான் நிமிர்ந்துருவேன். வேலைய விட்டா கைக்கு வர்ற பணம் டெபாசிட்டுக்குச் சரியாப் போயிரும். உன்னைக் கேக்காம நான் கால் வைக்க மாட்டேன். நீ என்ன சொல்றே?"

உள்ளே என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது.

"அக்கா, அந்த நம்பர் நானே கட்டினது, வேணாம்." இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு மூச்சு. வாயைத் திறந்தால் பல் கொட்டிவிடுமா? கோப்பு ரகசியம், வெளியே சொல்லக்கூடாது என்று இத்தனை நாள் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் பொய். அக்கா அந்தப் புத்தகத்தை ஆஸ்பத்திரி முழுக்கக் காட்டியிருந்தாள். என் தம்பி போட்ட கணக்கு, என் தம்பி போட்ட கணக்கு என்று நர்சுகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் நான் பெரிய ஆளாகவே இருந்துவிட ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் காரணம். வெட்கமாக இருக்கிறது.

"கவர்மென்ட் நம்பர்க்கா. தைரியமா எறங்கு," என்றேன்.

அவள் இறங்கிவிட்டாள்.

கேன்டீனில் ஒரு பந்திக்கு இருநூறு பேர் உட்காரலாம். திறந்து எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் போனேன். நாற்பத்தாறு ஷெட்டில் ஒன்பது ஓடிக்கொண்டிருந்தது. மீதி ஷட்டர்களில் முகமையின் பூட்டு. கேன்டீனில் எண்ணிப் பார்த்தேன், என்ன செய்ய, தொழில் புத்தி. அறுபத்திரண்டு பேர். துடைத்த மேசையையே அக்கா திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, உன் ஆளுங்கல்லாம் வழி தெரியாம சுத்திட்டிருக்காங்களா?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்துத் தொலைத்தேன். அடுத்த தடவை போனபோது சமையலுக்கு இருந்த ஆறு பேர் இரண்டு பேராகியிருந்தார்கள். அக்காவே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபதாவது மாதம் சாவியைக் கொண்டுபோய்ப் பேட்டை மேலாளரிடம் கொடுத்துவிட்டாள்.

குத்தகையைப் பாதியில் விட்டால் டெபாசிட் போய்விடும். பதினேழு வருஷ உழைப்பு முழுசும் அதில்தான் இருந்தது. ஆனால் இப்படி விட்டுவிட்டுப் போனவர்கள் அக்காவோடு சேர்த்துப் பதினொரு பேர் இருந்ததால் மேலிடம் ஒரு விசாரணைக் குழு போட்டது. அதன் விதிகளில் ஏழாவது பத்தி இப்படிச் சொன்னது: அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து வந்தவர்களுக்குச் சலுகை கிடையாது. முகமை அதிகாரி யாராவது நேரில் உறுதி சொல்லி, அதை நம்பி வந்திருந்தால் டெபாசிட் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அந்த அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயந்தரம் அக்கா போன் செய்தாள்.

"ஏழாவது பத்தி படிச்சியாடா?"

"படிச்சேன்க்கா."

அவள் காத்திருந்தாள். என் பேரைச் சொல்லு, நான் பார்த்துக்கறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. மென்று விழுங்கினேன்.

"சரி, பாத்துக்கலாம்," என்று அவளே வைத்துவிட்டாள்.

விசாரணையில் முகமை சார்பில் குறிப்பெழுத என்னை உட்கார வைத்திருந்தார்கள். அக்காவுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வேறு இனிஷியல், அவள் என் அக்கா என்பது அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குழுத் தலைவி நல்ல மனுஷி. பணத்தைக் கொடுத்துவிட அவருக்கே ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

"அதிகாரிங்க யாராவது உங்ககிட்ட நேர்ல சொன்னாங்களாம்மா?"

"இல்லீங்க மேடம். புத்தகத்துல படிச்சேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆபீஸ்ல, போன்ல, வெளியில எங்கயாவது?"

"இல்லீங்க."

"பதினேழு வருஷ வேலைய யாரையும் கேக்காமலா விட்டீங்க?"

அக்கா மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். "கேக்கறதுக்கு எனக்கு யாருங்க இருக்கா?"

என் பேனா நிற்கவில்லை. எந்த அதிகாரியும் உறுதி கூறவில்லை என மனுதாரர் தெரிவித்தார். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஆபீசில் சொல்வார்கள். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது. அக்கா அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

வாசல் கேட்டருகே ஓடிப்போய்ப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் அவள் என் தோளைத் தட்டினாள். எனக்கு ஆறுதல் சொன்னாள், கேளுங்கள், எனக்கு!

"விடுடா. மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கே? நீ மட்டும் கனவா கண்டே, இப்படி ஆகும்னு? நம்பித்தானே சொன்னே. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாம இருந்தாச் சரி."

அந்த "நம்பித்தானே"தான் என்னைக் குத்தியது. அதுவரை பொத்திப் பொத்தி வைத்தது வெளியே வந்துவிட்டது.

"நம்பல அக்கா. அறுநூத்து நாப்பது பேர்தான் வருவாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்பவேன்னா?"

"நீ புத்தகத்தோட வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே."

கத்தியிருக்கலாம். அறைந்திருக்கலாம், அறை வாங்க நான் தயாராகத்தான் நின்றேன். அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இரண்டாவது மாடி ஜன்னலைப் பார்த்தாள்.

"அந்த மேடம் மேலதான் இருக்காங்களா?"

"இருக்காங்க. மூணு மணிக்கு அடுத்த ஆள்."

"அப்ப வா. இதையே அவங்ககிட்டச் சொல்லு. நானும் கூட நிக்கறேன்."

இரண்டு மாடி. நாற்பது படிகூட இருக்காது. பையன் காலேஜ், வீட்டு லோன், ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருஷம், எல்லாம் வரிசையாக வந்து குறுக்கே நின்றன. இந்தக் கணக்கு மட்டும் எனக்கு எப்போதும் சரியாக வரும்.

"நாளைக்கு எழுத்துல குடுத்துடறேன்க்கா. இப்பப் போய் வாய்மொழியாச் சொன்னா நிக்காது. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு..."

அக்கா நான் முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டாள். "சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று கிளம்பிவிட்டாள்.

மறுநாள் வந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தேதி போட்டேன், பெறுநர் போட்டேன். அதோடு மேசை டிராயருக்குள் வைத்துவிட்டேன். பத்து நாளில் குழு தன் அறிக்கையைக் கொடுத்துவிட்டுக் கலைந்தது. அக்கா இப்போது அதே ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் தினக்கூலி. தான் வேலை பழக்கிய பெண்ணுக்குக் கீழே நிற்கிறாள்.

என்னோடு பேசாமல் இருந்தால்கூடத் தேவலை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் உடனே எடுக்கிறாள். "என்னக்கா பண்றே?" என்கிறேன். பிறந்ததிலிருந்து டேய் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், என் கல்யாண மேடையில்கூட.

"சொல்லுங்க," என்கிறாள்.