வேர்ப்பக்கத்து முடி

“வெட்டிடு. ஜனங்க வர்றதுக்குள்ள மனுஷனாத் தெரியட்டும்.”

அப்பா கத்தரிக்கோலை நீட்டினார். அது அவளுடையதுதான். அவள் வேலை பார்க்கும் சலூனுக்கு அவரே போய்த் தேடி எடுத்து வந்திருக்கிறார். கூடத்தில் தம்பி கிடந்தான். நேற்று கிடங்கில் மூட்டை தூக்கும்போது சரிந்தவன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். தோள்வரை வளர்ந்திருந்த அவன் முடியை ஈரத்துணியால் துடைத்து, சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

“வெட்ட மாட்டேன்ப்பா.”

“போதை மாத்திரைக்காரன் கோலத்துலேயே அனுப்பப் போறியா?”

“ரத்தத்துல ஒண்ணுமே இல்லைன்னு டாக்டர் சொன்னாரே.”

“நேத்து போடலை. அதுக்கு அவ்வளவுதான் அர்த்தம்.”

பிள்ளை செத்துக் கிடக்கும்போதும் பிடித்த பிடியை விடாத மனுஷன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீங்கியிருந்த அவர் கண்களைப் பார்த்ததும் வந்த கோபம் வந்த வழியே போனது.

மாத்திரையை விட்டுவிட்டேன் என்று தம்பி சொன்ன புதிதில், அவன் லாரி ஓட்டிய கம்பெனியில் முடியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போதை இருப்பதாக முடிவு வந்தது. வேலை போயிற்று. அப்பாவும் அன்றோடு பேச்சை நிறுத்தினார். விட்ட பிறகும் சில மாதங்களுக்கு முடி காட்டிக்கொடுக்கும் என்று பரிசோதனைக்கூடத்தில் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “மொட்டை அடிச்சுக்கோடா, புதுசா வளரட்டும்” என்று அவள்தான் யோசனை சொன்னாள்.

“மொட்டை அடிச்சா மறைக்கிறேன்னுதான் அப்பா சொல்லுவாரு. இருக்கட்டும்க்கா. பழசும் தெரியட்டும், புதுசும் தெரியட்டும்.”

இப்போது தலையைச் சற்றுத் திருப்பியபோது, பின்னுச்சியில் பென்சில் கனத்துக்கு ஓரிடம் ஒட்ட வெட்டப்பட்டுக் குச்சி குச்சியாய் முளைத்திருந்தது.

“இதென்ன, எலி கடிச்ச மாதிரி?” என்றார் அப்பா.

“மறுபடியும் முடி குடுத்தான்ப்பா. இந்தத் தடவை துண்டு துண்டா நறுக்கிப் பார்த்தாங்க. நுனிப்பக்கம் பழைய மாத்திரை இருக்கு. வேர்ப்பக்கம் துளிகூட இல்லை.”

அப்பா குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“லாரி திரும்பக் கிடைச்சதும் சாவியைக் கொண்டுவந்து உங்க கையில குடுத்துட்டுத்தான் சொல்லுவானாம். என்னையும் வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டான்.”

வாசலில் யாரோ நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா கத்தரிக்கோலைச் சுவரோரம் வைத்தார். மடங்காத முட்டியை ஒருமாதிரி மடக்கித் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“எதுவரைக்கும்?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒரு கற்றையைப் பிரித்தெடுத்து, வேரிலிருந்து தன் விரலை வைத்துக் காட்டினாள். மாத்திரையை விட்ட பிறகு வளர்ந்தது ஒரு விரல் நீளம் இருந்தது.

அவர் சீப்பை வாங்கிக்கொண்டார். உச்சியிலிருந்து அந்த இடம்வரை வாரினார். நிறுத்தினார். மறுபடியும் உச்சியிலிருந்து தொடங்கினார்.