மைக் கூவினால் முகத்தைப் பார்

மைக் கூவினால் ஊரே என்னைத் திரும்பிப் பார்க்கும். பேசுகிறவரை ஒருவனும் பார்க்கமாட்டான். மைக்கைக் குழாய் ஸ்பீக்கரின் வாய்க்கு எதிரே கொண்டுபோய் நீட்டுகிறவர் அவர். திட்டு வாங்குகிறவன் நான், பச்சைமுத்து, செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் மைக் செட் கடை வைத்திருப்பவன்.

முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. குழாயிலிருந்து வருகிற சத்தம் மைக்குக்குள் போனால் மறுபடி குழாய்க்குப் போகும், மறுபடி மைக்குக்கு வரும். சுற்றிச் சுற்றிப் பெருத்துக் கடைசியில் கூவும். குழாயை முன்னால் தள்ளி வை, மைக்கை அதற்குப் பின்னால் வை, வாயை மைக்குக்குக் கிட்டே கொண்டுபோ. இவ்வளவுதான் வித்தை. மீதியைக் காது பார்த்துக்கொள்ளும். கூட்டம் சேருவதற்கு முன்பே சத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எங்கே மெலிசாக ஓர் இழை கிளம்புகிறதோ அங்கே நிறுத்தி, அதற்கான திருகைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும்.

அந்த மெலிசான இழைதான் ரெண்டு வருஷமாக எனக்குக் கேட்கவில்லை.

பேச்சு கேட்கும், மேளம் கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். அது மட்டும் கேட்காது. குழாய்ப் பக்கத்திலேயே கிடந்த காது, வேறென்ன ஆகும்? விஷயம் என் பெண்சாதி ராஜாம்பாளுக்கு மட்டும் தெரியும். எல்லா நிகழ்ச்சிக்கும் வந்து எனக்கு எதிரே உட்காருவாள். கூவல் கிளம்பினால் முந்தானையை இழுத்துத் தோளில் போடுவாள். நான் திருகை இறக்குவேன். "பொண்டாட்டிய உட்டுட்டு வரவே மாட்டியா பச்சமுத்து" என்று ஊர் கேலி பண்ணும். பண்ணட்டும்.

மே மாதக் கிராம சபை அன்று அவளுக்குக் காய்ச்சல்.

வல்லம் போகிற வழியில் ஓர் ஊர், பேர் வேண்டாம். ஊருக்கு மேற்கே இருக்கிற பாறையை வெடி வைத்து உடைக்க ஜல்லி கிரஷர்காரனுக்கு ஊர் சம்மதம் தருகிறது என்று அன்றைக்குத் தீர்மானம் போடப்போகிறார்கள். எதிர்த்துப் பேச எழுந்தவள் ஒரே ஒருத்தி, இந்துமதி. சமண நயினார் வீட்டுப் பெண், பாறையை ஒட்டி ரெண்டு ஏக்கரில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுகிறவள். சோதனைக்கு வைத்த வெடியிலேயே அவள் வீட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. பேச வேண்டியதை நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

பாவி மகள், மைக்கை ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். சொம்பைக்கூட உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற ஜனங்கள் நாங்கள். பத்துப் பேர் எச்சில் தெறித்த மைக்கைக் கிட்டே வைப்பாளா? "கிட்ட வச்சிப் பேசும்மா" என்றேன். அரை விரல் கிட்டே வந்தது. குரலோ கோழிக்குஞ்சின் குரல். பின்னால் இருந்தவர்கள் "கேக்கல, கேக்கல" என்றார்கள். சத்தத்தை ஏற்றினேன்.

எனக்கு அவள் குரல் தெளிவாகக் கேட்டது. நன்றாகத்தானே போகிறது என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். பார்த்தால் முன்வரிசையில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். பதறி இறக்கினேன். "கேக்கல" என்றார்கள். ஏற்றினேன், பொத்தினார்கள். எந்தத் திருகைத் தொடுவது என்றே தெரியவில்லை. ராஜாம்பாள் உட்காருகிற இடத்தில் பஞ்சாயத்துத் தலைவரின் மச்சான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். இந்துமதி முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

தலைவர் மைக்கைக் கையில் வாங்கினார். அவர் எச்சில் கிச்சில் எதுவும் பார்க்கிறவர் இல்லை, வாயோடு ஒட்டி வைத்துத்தான் பேசுவார். பாதிச் சத்தமே போதும்.

"மைக்கு சரியில்ல. ஜனங்கள எவ்ளோ நேரம் வெயில்ல உக்கார வைக்கறது? எல்லாருக்கும் சம்மதம்தான? தீர்மானம் நிறைவேறிடுச்சி."

ஒருத்தரும் காதைப் பொத்தவில்லை. நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது இந்துமதி வந்து நின்றாள்.

"அவருக்கு மட்டும் கூவலியேண்ணா. நீயும் அவங்க ஆளா?"

என் காதைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அதற்குள் தலைவர் வந்து என் முதுகில் தட்டினார். "பரவால்ல பச்சமுத்து, சொல்லாமலே புரிஞ்சிக்கினியே. ஆடித் திருவிழாவுக்கு நீதான் செட்டு." அதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நான் குனிந்த தலை நிமிராமல் ஒயரைச் சுருட்டினேன். திருடன் என்றால்கூட மைக் செட்டுக்குக் கூப்பிடுவார்கள். செவிடன் என்றால் எவன் கூப்பிடுவான்? அப்படித்தான் நினைத்தேன், வெட்கம் கெட்டவன்.

வீட்டில் ராஜாம்பாள் எல்லாவற்றையும் போர்வைக்குள்ளிருந்தே கேட்டாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

"செவுடன்னு சொன்னா சோறு போவும். திருடன்னு சொன்னா இன்னாய்யா மிச்சம் இருக்குது?"

மறுநாள் காலையில் இந்துமதி வீட்டுக்குப் போனேன். சுவர் விரிசலுக்குள் கையை விட்டுக் காட்டினாள். மணிக்கட்டு வரை போயிற்று. நான் என் காதைப் பற்றிச் சொன்னேன்.

"இப்ப நான் பேசறது கேக்குது இல்ல?"

"கேக்குதும்மா. பேச்சு கேக்கும். கூவறதுதான் கேக்காது."

"நல்லா இருக்குதுண்ணா கதை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மானத்தை விட்டு வந்து உண்மையைச் சொன்னவனுக்கு இதுவா மரியாதை? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"அண்ணா, நெஜம்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் குடு. மைக்கு ஆளுக்கே காது கேக்கல, நான் பேசுனது யாருக்கும் போய்ச் சேரலன்னு கலெக்டர்கிட்ட வைக்கறேன். மறுபடி கூட்டம் போடச் சொல்லுவேன். வர்ற திங்கக்கெழம மனு நாள். அத்த உட்டா வெடி வச்சிடுவாங்க."

அந்தப் பேப்பர் கலெக்டர் ஆபீஸ் வாசலைத் தாண்டினால் என் கடை அவ்வளவுதான். ரெண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன்.

காது டாக்டரிடம் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. என்னை உள்ளே உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிக் கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். "சத்தம் கேட்டா அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

முதலில் கனத்த சத்தங்கள். கேட்டன, அமுக்கினேன். போகப் போக மெலிந்தன. பிறகு ஒன்றுமில்லை. ஆனால் கண்ணாடி வழியாக அவள் முகம் தெரிந்தது. ஒவ்வொரு தடவை சத்தத்தை அனுப்பும்போதும் அவள் புருவம் லேசாக உயர்ந்தது. என்னைக் கேட்காமலே என் விரல் பட்டனை அமுக்கியது. அவள் தலையாட்டிவிட்டு எழுதினாள். மறுபடி புருவம். மறுபடி அமுக்கினேன். எழுதினாள்.

இன்னும் நாலு தடவை இப்படியே போனால் காதில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவாள். கடை பிழைக்கும், ஆடித் திருவிழாவும் என்னுடையது. இந்துமதியிடம், டாக்டரே அப்படிச் சொல்லிவிட்டார் என்று பேப்பரை நீட்டலாம். சுவர் விரிசலுக்குள் போன அந்த மணிக்கட்டு நினைப்புக்கு வந்தது.

கண்ணாடியைத் தட்டினேன்.

"அந்த மெலிசு சத்தத்த மறுபடி வைம்மா. முன்ன அமுக்குனது தப்பு" என்றேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. அவள் எழுந்து வந்து தோளைத் தொடுகிறவரைக்கும் நான் விரலை அசைக்கவில்லை.