விளக்குக்காரர் வேண்டிக்கொண்டது

1

இந்தக் கதையின் முதல் வரியை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். 'கூரையைப் பிளந்துகொண்டு ஓர் ஒளி இறங்கி, அக்காவின் விரல்களில்—'

இல்லை. அப்படி எதுவும் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் விளக்குக்காரர் கண்ணில்தான் முதலில் பட்டிருக்கும். அவர் தொழிலே அதுதான்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு மேடை நிகழ்ச்சி செய்தோம். எழுத்து நான். இசை என் அக்கா. ஆட ஒருத்தி. வெளிச்சத்துக்கு விளக்குக்காரர். அரங்கேற்றத்துக்கு ஆறு நாள் இருந்தபோதும் கடைசிக் காட்சிக்கு இசை வரவில்லை.

2

அக்கா ஒருநாளும் 'நான் போட்ட மெட்டு' என்று சொன்னதில்லை. "கடவுள் குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன்" என்பாள். ஏழாம் மாதத்தில் அவள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. (இந்த வாக்கியத்தை நீட்ட எனக்கு மனமில்லை.) அன்றிலிருந்து அவள் கடவுளிடம் பேசுவதில்லை. அவரும் கொடுப்பதில்லை.

3

அரங்கேற்றத்துக்கு ஆறு நாள் முன்பு, மத்தியான ஒத்திகையில் அக்கா கீபோர்டைத் தள்ளிவைத்தாள்.

"வேற ஆளப் பாத்துக்கோங்க. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

விளக்குக்காரர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"நீ பேச வேண்டாம் தங்கச்சி. நான் கேட்டுப் பாக்கறேன்."

"உங்களுக்குத்தான் நம்பிக்கையே கிடையாதே!"

"அவர் மேல இல்ல. உன் மேல இருக்கு."

கையுறையைக் கழற்றினார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பைக்குள் விட்டார். மரியாதையாக இராது என்று பட்டதோ என்னவோ, வெளியே எடுத்தார். கண்ணை மூடினார்.

"சார், நமக்குள்ள பழக்கமில்ல. எனக்கு ஒண்ணும் வேணாம். இந்தப் பொண்ணு உங்க மேல கோவமா இருக்கா. அந்தக் கோவம் நியாயம்தான். நீங்களா வந்து பேசுங்க. அவ்ளோதான்."

[முதல் பிரதியில் இந்த இடத்தில் விளக்குக்காரரைப் பக்தராக்கியிருந்தேன். படித்துவிட்டுப் போன் செய்தார்: "தம்பி, என் மானத்த வாங்காத." நீக்கிவிட்டேன்.]

அக்கா சிரித்தாள். பாதிச் சிரிப்பில் உடைந்து அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள். ஆடுகிறவள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள், கைக்குழந்தையைத் தூங்கவைப்பதுபோல. வெகுநேரம். அக்காவின் ஒரு கை மட்டும் மெல்ல நீண்டு கீபோர்டைத் தொட்டது. அந்த ஆட்டத்துக்கு ஏற்ப ஒரு சுரம். இன்னொன்று. அப்புறம் நிற்கவில்லை.

"வந்துட்டாரா?" என்று விளக்குக்காரர் என் காதில் கேட்டார்.

4

கடைசிக் காட்சி ஒரு தாலாட்டாக அரங்கேறியது. யார் கொடுத்தது என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

"அவர்தான். ஆனா சமாதானமெல்லாம் ஆகல," என்றாள் அக்கா.

"அழுதது நீங்க, ஆட்டினது நான். நடுவுல அவர் எங்க வந்தாரு?" என்றாள் ஆடுகிறவள்.

விளக்குக்காரர் பேச்சை மாற்றினார்.

அக்கா சமாதானமாகிவிட்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். கடைசிவரை ஆகவில்லை என்று இன்னொன்றும் எழுதினேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: போன வாரம் அவள் அறைப் பக்கம் போனேன். கீபோர்டின் முன் தனியாக உட்கார்ந்திருந்தாள். விரல்கள் அசையவில்லை, உதடுகள் அசைந்தன. தாளம் எண்ணினாளா, அவரோடு பேசினாளா, சண்டை போட்டாளா?

நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் உள்ளே போய்க் கேளுங்கள். முதலில் கதவைத் தட்டுங்கள்.